பத்து நிமிடம் முந்தி ஓடும் வீடு

போன வாரம் நவ்யாவை ஒரு மேஜைக்கு அடியில் விட்டுவிட்டு வந்தோம். கையில் நீலக் கேபிள், வாயில் ஸ்க்ரூ டிரைவர், மூக்கு நுனியில் தூசி. அந்த வேலை ஒருவழியாக முடிந்தது. பீளமேட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் அவள் பிடித்த அறை இப்போது தயார். எட்டு மேஜை, எட்டு கம்ப்யூட்டர், மூலையில் கண்ணாடி அலமாரிக்குள் ஒன்பதாவதாக இன்னொன்று. அதற்கு 'பெரிய மெஷின்' என்று மாமனார் தம்பிதுரை பெயர் வைத்துவிட்டார்.

சந்தை விலை நொடிக்கு நொடி அந்தப் பெரிய மெஷினுக்கு வரும். அது எட்டுக்கும் பிரித்துக் கொடுக்கும். பருத்தி, நூல், மஞ்சள் என்று எதை வாங்கி விற்கிறவராக இருந்தாலும், ஒரு மேஜையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு விலையைப் பார்த்துத் தொழில் செய்யலாம். சரவணம்பட்டி ஐ.டி. பார்க்கில் பதினொரு வருடம் பார்த்த வேலையை நவ்யா விட்டது இதற்காகத்தான்.

விட்டு ஐந்து மாதம் ஆகிறது. ஒரு மேஜைக்கும் ஆள் வரவில்லை. பெங்களூருக் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வருகிறாளா இல்லையா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கோட்டைமேட்டு நூல் வியாபாரி சாயிரா பானு அறையைப் பார்க்க வருவதும் இன்று காலைதான். அவருக்குப் பிடித்தால் நவ்யா கோயமுத்தூரில். பிடிக்காவிட்டால் பெங்களூரில்.

இன்னொரு விஷயமும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவளைத் தனியாக அனுப்ப மனசில்லாத கணவன் மனோஜ்குமார், தன் வங்கியில் பெங்களூருக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டுவிட்டான். அப்பா அம்மாவுக்குத் தெரியாது. நவ்யாவுக்கே தெரியாது. வேண்டாம் என்றால் இன்று மாலை ஆறு மணிக்குள் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். அது அவனுக்கும் நமக்கும் மட்டும் தெரிந்த ரகசியம், ஆகவே சத்தம் போடாமல் மேலே படியுங்கள்.

சரவணம்பட்டி வீட்டில் சமையலறைக் கடிகாரம் எட்டு காட்டியது.

"அத்த, மணி எட்டாச்சுங்க. நான் கெளம்பறேன்" என்றாள் நவ்யா.

"எந்த எட்டு? ஊட்டு எட்டா, ஊரு எட்டா?" என்றாள் மாமியார் கீதா, தோசையைத் திருப்பிக்கொண்டே.

"ஊட்டு எட்டுத்தானுங்க."

அப்படியென்றால் ஏழு ஐம்பது. அந்த வீட்டில் ஐந்து கடிகாரம். ஐந்தும் பத்து நிமிடம் முந்தி ஓடும். தம்பிதுரை பீளமேட்டு மில் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் டைம் ஆபீஸில், ஆட்கள் வரும் நேரத்தைக் குறிக்கும் வேலையில் இருந்தவர். இரண்டு நிமிடம் பிந்தி வந்து கேட்டுக்கு வெளியே நின்றவர்களின் முகங்களை அத்தனை வருடமும் பார்த்தவர். தன் வீட்டிலிருந்து யாரும் எந்த வாசலிலும் அப்படி நிற்கக்கூடாது என்று, கல்யாணமான வருடமே கடிகாரத்தைத் தள்ளி வைத்தார். வீட்டில் எல்லாரும் பத்தைக் கழித்துப் பார்க்கப் பழகிவிட்டதால், யாரும் ஒரு நிமிடம்கூட முன்னதாகக் கிளம்பியதில்லை என்பது வேறு கதை.

நவ்யா காரமடையிலிருந்து மருமகளாக வந்த முதல் வாரம் தடுமாறினாள். இந்த ஒன்பது வருடத்தில் அவளுக்கும் அது கைவந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்க்கும்போதே மனசு தானாகப் பத்தைக் கழித்துவிடும்.

"மாமா எங்கீங்க அத்த?"

"ஏழுக்கே கெளம்பிப்போட்டாரு. ரூமைத் தொடச்சு வெக்கோணுமாம். வெள்ளச் சட்டை வேற. மாப்பிள்ளை பாக்கப் போறவராட்டம் போறாரு, போ" என்று கீதா சிரித்தாள்.

மனோஜ் பைக்கில் கொண்டுபோய் விட்டான். பேக்கரி வாசலில் இறங்கியபோது கேட்டான். "பயமா இருக்குதா?"

"எதுக்குங்க பயம்? நேத்துச் சந்தை மூடற வரைக்கும் ஒரு நொடி நிக்கல. ஒரு இன்டர்நெட் லைன் மெயின் ரோட்டுப் பக்கமிருந்து வருது, இன்னொண்ணு பின்னாடிச் சந்துல இருந்து வருது. எவனாச்சும் குழி தோண்டி ஒண்ண அறுத்துப்போட்டாலும் இன்னொண்ணு புடிச்சுக்கும். கரண்ட் போனா யு.பி.எஸ். இருக்குது. இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம் அம்மணி. நல்லா நடக்கும், போ" என்றான் மனோஜ். தன் மாற்றல் மனு ஞாபகம் வந்து, வேறு பக்கம் பார்த்தபடி பைக்கைக் கிளப்பினான்.

மாடியில் எட்டு மேஜையும் பளிச்சென்று இருந்தன. சுவரில் தம்பிதுரையின் அன்பளிப்பு: வட்டமான புதுக் கடிகாரம். நேற்று மாலை அவர் கையாலேயே ஆணி அடித்து மாட்டியது. அதுவும் பத்து நிமிடம் முந்திதான் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பதுக்குப் பத்து இருக்கும்போதே சாயிரா பானு வந்துவிட்டார். ஐம்பது வயது, கறுப்புக் கைப்பை, இடது மணிக்கட்டில் பழைய வாட்ச்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. எளநி குடிக்கிறீங்களா?" என்று தம்பிதுரை ஓடி வந்தார்.

"இருக்கட்டுமுங்க. மொதல்ல விலையப் பாத்துக்கறேன்" என்ற சாயிரா பானு நவ்யா பக்கம் திரும்பினார். "நேராச் சொல்லிப்போடறேன் கண்ணு. போன வருசம் வேற ஒரு எடத்துல உக்காந்திருந்தேன். விலை நின்னு போச்சு. நின்னது யாருக்கும் தெரியல. திரை பாட்டுக்குப் பளபளன்னு இருந்துச்சு. அந்த விலைய நம்பி மில்லுக்குப் போன்ல வார்த்தை குடுத்துட்டேன். எங்க அத்தா காலத்துல இருந்து குடுத்த வார்த்தைய மாத்தினதில்ல. அன்னைக்கும் மாத்தல. ஆனா ஒரு மாசம் சோறு எறங்கல."

"அதுக்குன்னே ஒரு ஏற்பாடு செஞ்சிருக்கேனுங்க" என்றாள் நவ்யா. "விலை ஒவ்வொண்ணும் அது பொறந்த நேரத்தோடதான் வரும். அஞ்சு நொடிக்கு மேல பழசா இருந்தா அந்த வரி சாம்பல் கலராயிடும், 'பழைய விலை'ன்னு எழுத்து வந்துரும். புது விலைன்னு பொய் சொல்லாதுங்க."

"பாக்கலாம்" என்று சாயிரா பானு முதல் மேஜையில் உட்கார்ந்தார்.

ஒன்பது மணிக்குச் சந்தை திறந்தது.

எட்டுத் திரைகளிலும் எண்கள் வந்தன. வந்த வேகத்தில் எட்டும் சாம்பல் நிறமாயின. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியிலும் 'பழைய விலை', 'பழைய விலை', 'பழைய விலை'.

 "ஒரு நிமிசமுங்க" என்று நவ்யா எழுந்தாள்.

நேரம் சரியா என்று பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம். அதைத்தான் முதலில் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பன்னிரண்டு. கம்ப்யூட்டர் மூலையிலும் ஒன்பது பன்னிரண்டு. எட்டும் அதையேதான் சொல்லின. சரி, நேரத்தில் பிழையில்லை என்று அடுத்த வேலைக்குப் போனாள்.

ஒரு லைனைப் பிடுங்கி மற்றதில் ஓட்டினாள். சாம்பல். கேபிளை மாற்றினாள். சாம்பல். புரோகிராமை மூடித் திறந்தாள். எண்கள் துள்ளிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் எல்லாம் சாம்பல் போர்வைக்கு அடியில். விலை அனுப்பும் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"எங்க சைடுல எல்லாம் சரியா இருக்கு மேடம். உங்களுக்கு ஒரு நொடி கூட லேட் இல்லை" என்றது சென்னைக் குரல்.

லேட் இல்லாத விலை எப்படிப் பழைய விலையாகும்? நவ்யா போனை வைத்தாள். இத்தனை மாதம் மேஜைக்கு அடியில் கிடந்தது இதற்காகவா என்று தோன்றியது. மாலை ஐந்து மணியும் பெங்களூரும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

தம்பிதுரை ஓரத்தில் நின்று கையைப் பிசைந்தார். "அம்மணி, ஒரு வாய் எளநி குடிச்சுப்போட்டுப் பாரு கண்ணு."

"வேண்டாமுங்க மாமா."

சாயிரா பானு கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார், சுவரைப் பார்த்தார்.

"அல்லாவே, ஒம்பது முப்பத்தஞ்சா! ஒம்பதரைக்கு மில்லுல இருந்து கூப்பிடறேன்னாங்களே" என்றவர் தன் வாட்சைப் பார்த்தார். "இல்லியே, என்ற வாட்ச்சுல இருபத்தஞ்சுதானே?"

"அது எங்க மாமா கடிகாரமுங்க" என்றாள் நவ்யா, கேபிளிலிருந்து கண்ணை எடுக்காமல். "பத்து நிமிசம் கழிச்சுக்கோங்க."

"சரி. அப்போ இந்தக் கம்ப்யூட்டர்லயும் முப்பத்தஞ்சுன்னு இருக்குதே. இதுலயும் கழிக்கோணுமா?"

நவ்யா கையிலிருந்த கேபிளைக் கீழே வைத்தாள்.

திரையின் மூலையைப் பார்த்தாள். ஒன்பது முப்பத்தைந்து. இடுப்பிலிருந்த செல்போனை எடுத்துப் பார்த்தாள். ஒன்பது இருபத்தைந்து. அரை மணி நேரமாக அவள் கண் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. அவள் மனசு கழித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

விலை 'நான் ஒன்பது இருபத்தைந்துக்குப் பிறந்தேன்' என்று சொல்லிக்கொண்டு வருகிறது. பெரிய மெஷினோ 'இப்போது ஒன்பது முப்பத்தைந்து' என்று நம்பிக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடப் பழசு என்று ஒவ்வொரு விலையின் மேலும் முத்திரை குத்துகிறது. எட்டு கம்ப்யூட்டரும் பெரிய மெஷினைப் பார்த்தே நேரம் வைத்துக்கொள்பவை. ஆகவே எட்டும் ஒரே குரலில் தப்பாகச் சொல்லின.

அலமாரியைத் திறந்தாள். தானாக நேரம் பார்த்துக்கொள்ளும் வசதி அணைக்கப்பட்டிருந்தது. யார் அணைத்திருப்பார் என்று யோசிக்க அவளுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"என்ற தப்புங்க. பெரிய மெஷினோட நேரத்த நான் பூட்டி வெச்சிருக்கோணும். விட்டுப்போட்டேன்."

"அம்மணி மேல தப்பில்லீங்க."

தம்பிதுரை முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"நாந்தானுங்க. நேத்துச் சாயந்தரம் கடிகாரம் மாட்டறப்போ அம்மணி சொல்லுச்சு. 'மாமா, நீங்க மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்தீங்கல்ல, இந்த ரூமுக்கு இந்தப் பெரிய மெஷின்தான் டைம் ஆபீஸு. இது சொல்றதத்தான் மத்த எட்டும் கேக்கும்'னு. அது போனதுக்கப்புறம் பாத்தனுங்க. மெஷினு பத்து நிமிசம் பின்தங்கி நின்னுட்டு இருந்துச்சு. புது எடம், யாரும் லேட்டாகக் கூடாதுன்னு நானே தள்ளி வெச்சுப்போட்டேன். ஒரு படம் கோணலா இருந்தா நேரா வெப்பமில்ல, அப்படித்தானுங்க நெனச்சேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "என்ற மருமக இங்கயே இருக்கோணும்னு தெனமும் சாமியக் கேட்டுட்டு, என்ற கையாலயே அத பெங்களூருக்கு அனுப்பப் பாத்தனே."

 முதலில் சிரித்தது நவ்யாதான். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "மாமா, எட்டு கம்ப்யூட்டரையும் நம்ம ஊட்டு ஆளாக்கிப்போட்டீங்களே! கழிக்கத்தான் அதுகளுக்குத் தெரியல."

சாயிரா பானுவுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. "எங்க ஊட்டுல கால்மணி நேரமுங்க. எங்க அத்தா வெச்சது. அவரு மவுத்தாகி ஏழு வருசமாச்சு. மாத்த இன்னும் யாருக்கும் கை வரல."

நவ்யா ஒரே ஒரு பொத்தானைத் தொட்டாள். பெரிய மெஷின் உலகத்தோடு நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டது. மூலையில் ஒன்பது முப்பத்தேழு என்றிருந்தது ஒன்பது இருபத்தேழாக மாறியது.  முதல் மேஜையில் சாம்பல் உரிந்தது. இரண்டாவதில், மூன்றாவதில், எட்டாவது வரைக்கும் பச்சையும் சிவப்புமாக விலைகள் ஓடின. தம்பிதுரை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாயிரா பானு மறுபடி உட்கார்ந்தார். "அந்த ஒரு லைனப் புடுங்கு கண்ணு, பாக்கலாம்."

நவ்யா பிடுங்கினாள். இரண்டு நொடி தயங்கிவிட்டு விலை மற்ற லைனில் ஓடியது.

"ரெண்டையும் புடுங்கு."

பிடுங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எட்டுத் திரைகளும் சாம்பலாயின. சாயிரா பானு தலையை ஆட்டினார்.

"இதுதானுங்க எனக்கு வேணும். சித்த முன்னாடி நேரம் தப்பா இருந்தப்போ கூட, சந்தேகம் வந்ததும் எட்டும் எச்சரிக்கை பண்ணுச்சு பாருங்க. தெரியாததத் தெரிஞ்சாப்புல காட்டல. நல்லா ஓடறத எல்லாரும் காட்டுவாங்க. கெட்டுப்போனா எப்படி நடந்துக்கும்னு எனக்கு யாரும் காட்டினதில்ல. உங்க மாமா காட்டிப்போட்டாரு." அவர் தம்பிதுரையைப் பார்த்துச் சிரித்தார். "நாலு மேஜை எனக்கு. திங்கக்கெழமை ஆளுங்களோட வாரேன். இப்போ அந்த எளநியக் குடுங்க."

தம்பிதுரை ஓடிப்போய் இளநீர் சீவிக் கொண்டுவந்தார். சாயிரா பானு போன பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, டைம் ஆபீஸ் கையெழுத்தில் பெரிதாக எழுதி அலமாரியில் ஒட்டினார்: 'நேரத்தைத் தொடக்கூடாது. இப்படிக்கு, தம்பிதுரை.' சுவர்க் கடிகாரத்தையும் இறக்கி, நவ்யாவின் செல்லைப் பார்த்து, நொடி பிசகாமல் திருத்தி மாட்டினார்.

"எனக்கு ஊட்டுல ஒரு வேலை இருக்குது அம்மணி. நான் பஸ்ஸுல போய்க்கறேன்" என்று கிளம்பியவர் என்ன வேலை என்று சொல்லவில்லை.

நவ்யா மனோஜுக்குப் போன் போட்டாள். "ஏனுங்க, நாலு மேஜைங்க! நான் எங்கியும் போகல! சாயந்தரம் வாங்க, மாமா பண்ணின கூத்த நேர்ல சொல்றேன்!"

வங்கிக் கவுன்ட்டரில் இருந்த மனோஜ், எதிரே நின்ற அம்மாளிடம் காரணமில்லாமல் சிரித்தான். உடனே மாற்றல் மனுவை வாபஸ் வாங்கிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் பக்கத்து நாற்காலியில் சென்னகேசவன். அப்பாவுக்குச் சித்தப்பா மகன். அவர் திரையை எட்டிப் பார்த்தால், மனோஜுக்கு முன்னால் செய்தி சரவணம்பட்டி போய்ச் சேர்ந்துவிடும். ஆறு மணி வரை நேரமிருக்கிறது, வீட்டில் போய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

நாலே முக்காலுக்கு நவ்யா பெங்களூருக்கு இரண்டு வரி எழுதினாள். அன்புக்கு நன்றி, எனக்கு இங்கேயே வேலை இருக்கிறது. அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்து, யாருமில்லாத அறையில் சத்தமாக ஒரு பாட்டுப் பாடினாள். பேக்கரிக்காரர் மேலே பார்த்தார். அவள் கவலைப்படவில்லை.

மனோஜ் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா சுடும் வெல்ல ஒப்புட்டு வாசனை தெருவரைக்கும் வந்தது. காந்திபுரத்து வங்கியிலிருந்து வரும் வழியிலேயே செல்போன் சார்ஜ் இறங்கிச் செத்திருந்தது. ஹால் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து ஐம்பது. பத்தைக் கழித்தால் ஐந்து நாற்பது. இருபது நிமிடம் இருக்கிறது.

நிதானமாக முகம் கழுவினான். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தான். முன்னாலேயே வந்துவிட்ட நவ்யா காலைக் கதையை நடித்தே காட்டினாள். சாயிரா பானு கேட்ட கேள்வி வந்தபோது அவனுக்குப் புரையேறியது. சிரித்து முடித்துப் பார்த்தால் கடிகாரத்தில் ஆறு நாலு. இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மூலை நாற்காலிக்குப் போய்த் திறந்தான்.

தம்பிதுரை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குளித்து, திருநீறு இட்டு, பத்து வயது குறைந்தவர் போலிருந்தார்.

"மனோஜு, அந்தக் கடிகாரத்தப் பாத்தியா?"

"பாத்தேனுங்கப்பா. ஆறு நாலு. அஞ்சு அம்பத்தி நாலு."

"இல்ல கண்ணு. ஆறு நாலுன்னா ஆறு நாலேதான்." அவர் மகனின் தோளைத் தட்டினார். "மத்தியானம் வந்து அஞ்சையும் திருத்திப்போட்டேன். இனி இந்த ஊட்டுல யாரும் கழிக்க வேண்டியதில்ல. உங்கம்மாதான் நாப்பது வருசப் பழக்கம் போச்சேன்னு சண்டை புடிச்சா."

லேப்டாப்பில் வங்கியின் பக்கம் திறந்தது. மாற்றல் மனுவுக்கு எதிரே காலையில் இருந்த வாபஸ் பொத்தானைக் காணோம். அந்த இடத்தில் ஒரு வரி: 'கால அவகாசம் முடிந்தது. மனு பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது.'

"ஏனுங்க, ஒப்புட்டு ஆறிப்போகுது, வாங்க!" என்று சமையலறையிலிருந்து நவ்யா கூப்பிட்டாள். இந்த ஐந்து மாதத்தில் அவள் குரல் இத்தனை சந்தோஷமாக இருந்து அவன் கேட்டதில்லை.

"என்னப்பா யோசிக்கற?" என்றார் தம்பிதுரை. "நான் செஞ்சது சரிதானே?"

மனோஜ் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். லேப்டாப்பை மெல்ல மூடினான்.

"நெம்பச் சரிங்கப்பா" என்றான். "இன்னைக்கு ஒரு நாள் கழிச்சு, நாளைக்குத் திருத்தியிருக்கலாம்."